கட்டிலுக்கடியில் ஒரு சுரங்கம்

உலகத்தில் செம்பு தீர்ந்துபோகலாம் என்று யுஸ்தினாவுக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை, மூன்றாவது பாடவேளையில்.

மார்செல் டீச்சர் செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரையை வெட்டியெடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். 'பூமிக்கடியில் இன்னும் எவ்வளவு மிச்சம்?' என்று அதன் தலைப்பு பெரிய எழுத்தில் கேட்டது.

"செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாம் மண்ணுக்குள்ள இருந்துதான் வருது. இப்ப நமக்குத் தெரிஞ்ச சுரங்கங்கள்ல, இதே வேகத்துல தோண்டிட்டே போனா, செம்பு நாப்பது வருஷத்துக்கு வரும்னு சில பேர் கணக்குப் போட்டிருக்காங்க" என்றார் டீச்சர்.

கடைசி வரிசையில் இருந்த பெஷீர் கையைத் தூக்கினான்.

"டீச்சர், அவரைக்கொட்டை தீர்ந்துபோகுமா?"

"அது விளையிற பொருள், பெஷீர். வருஷா வருஷம் வரும்."

"அப்ப காலைச் சாப்பாட்டுக்குப் பிரச்சனை இல்ல" என்று அவன் நிம்மதியாக உட்கார்ந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

யுஸ்தினா சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். "செம்பு தீர்ந்துபோனா அப்புறம் என்ன பண்ணுறது டீச்சர்?"

டீச்சர் சுண்ணக்கட்டியை விரலுக்கு விரல் மாற்றினார். "புதுசா சுரங்கம் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். எனக்குத் தெரியல, யுஸ்தினா. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் எனக்கு வராது."

அதுதான் யுஸ்தினாவைப் பயமுறுத்தியது. பராகுவே நாட்டின் தலைநகரம் வரை தெரிந்த டீச்சருக்கே இது தெரியவில்லை.

அவளுக்கு வயது பத்து. நாற்பது வருஷம் கழித்து ஐம்பது ஆகியிருக்கும். தம்பி கராஸுக்கு இப்போது ஐந்து. செம்பு இல்லாத உலகத்தில் நாற்பத்தைந்து வயதில் அவன் என்ன செய்வான்? இப்போதே அவனுக்குச் செருப்பை இடம் வலம் பார்த்துப் போடத் தெரியாது.

மொகத்தம் மலையடிவாரத்தில் அவர்கள் தெருவுக்கு, கெய்ரோ நகரம் தூக்கிப்போடுவதில் பாதி வந்து சேரும். ஒரு வீட்டில் காகிதம் பிரிப்பார்கள். இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக். யுஸ்தினா வீட்டில் உலோகம். கீழ்த்தளம் முழுவதும் பட்டறை. அதற்கு மேல் அவர்கள் குடியிருந்தார்கள். அதற்கும் மேலே இன்னும் ஐந்து மாடிகள், ஐந்து குடும்பங்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா பெபாவி ஒரு பழைய டிவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய கண்ணாடிக் குழாய் வைத்த பழங்காலத்து டிவி. சுற்றிலும் மூட்டைகள். அலுமினியம் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம்.

"அப்பா, செம்பு தீர்ந்துபோயிடுமா?"

அப்பா நிமிர்ந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்கம்மா தீருது? எனக்கு நடக்க வழியில்ல." சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"டீச்சர் சொன்னாங்க. நாப்பது வருஷம்தானாம்."

"அப்படியா? அப்ப நாப்பத்தோராவது வருஷம் நான் ஓய்வெடுத்துக்கிறேன். அந்த ஸ்க்ரூடிரைவரை எடு."

அவள் எடுத்துக்கொடுத்தாள். ஆனால் அவள் கண் செம்பு மூட்டையின் மேலேயே இருந்தது. நேற்று வரை அது சும்மா ஒரு மூட்டை. இன்று, உடம்பு சரியில்லாதவர்களைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

யாராவது கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். வேறு யாரும் செய்கிற மாதிரித் தெரியவில்லை.

டிவிக் குழாயைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். மேலே கறுப்பு டேப். உள்ளே, தடித்த நூல் அளவில் ஒரே கம்பி, சுற்றுச் சுற்றாக. மேல்பூச்சு கெடாமல் செக்கச்செவேல் என்று மின்னும். வளைத்தால் வளையும், சத்தம் போடாது. ஒளித்து வைக்க அதைவிட நல்ல பொருள் அந்தப் பட்டறையில் கிடையாது.

அன்று மாலை முதல் வளையம் அவளுடைய கட்டிலுக்கடியில் போயிற்று.

மூன்றாவது வளையத்தை வைக்கும்போது கராஸ் பார்த்துவிட்டான். கட்டிலுக்கடியில் அவன் ஏற்கெனவே படுத்திருந்தான்.

"இங்க என்னடா பண்ற?"

"ஒளிஞ்சிருக்கேன். மேல் வீட்டு மீலாத் என்னைத் தேடுறான்." வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். "இது என்ன?"

"எதிர்காலம்" என்றாள் யுஸ்தினா.

"சாப்பிடலாமா?"

"முடியாது. ஆனா நீ யார்கிட்டயும் சொல்லாம இருந்தா என் பங்கு அல்வா உனக்கு."

எதிர்காலத்தைவிட அல்வா மேல் என்று கராஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பாவின் கணக்கு உதைக்க ஆரம்பித்தது.

"மெர்வத், இன்னைக்கு நான் எத்தனை டிவி கழட்டினேன்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நாலு."

"வளையம் மூணுதான் இருக்கு."

"அப்ப மூணு டிவி கழட்டியிருப்பீங்க."

"இப்பதான நாலுன்னு சொன்ன?"

"காலையில நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். நான் என்ன எண்ணிட்டா இருந்தேன்?"

அப்பா சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். ஒரு டிவிக்கு ஒரு கோடு. ஒரு நாள் ஐந்து கோடு, நான்கு வளையம். அவர் கோடுகளை எண்ணினார், வளையங்களை எண்ணினார், பிறகு தன் விரல்களை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன.

"கண்ணாடி போடுற வயசு வந்தாச்சு" என்றாள் அம்மா.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசுதான் ஆகுது."

"நேத்து சமையக்கட்டுல இருந்த என் செருப்பைப் போட்டுட்டுப் போனீங்க."

அப்பா கண்ணைக் கசக்கினார். யுஸ்தினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இனிமேல் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கும் முடிவு செய்தாள். ஆனால் நாற்பது வருஷத்தை நினைத்ததும் கை தானாக நீண்டது. மூன்று வாரத்தில் ஏழு வளையங்கள் சேர்ந்துவிட்டன.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது.

அது மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஆறு மாடிக்கும் அந்த ஒரு மோட்டார்தான். முதலில் நெடுநேரம் முனகியது. பிறகு படிக்கட்டு முழுவதும் கருகல் நாற்றம் வந்தது. அதன் பிறகு எந்தக் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

யுஸ்தினா பள்ளியிலிருந்து திரும்பியபோது, மோட்டாருக்குள் கம்பி சுற்றி 'காயில்' கட்டுகிற ஷஹாத்தா பட்டறையில் உட்கார்ந்திருந்தார். அவர் மோட்டாரோடு பேசுகிற மனிதர். மனிதர்களோடு பேசுவதைவிட அதுதான் சுலபம் என்பார்.

"உன்னை என்ன பாடு படுத்தியிருக்காங்க" என்று மோட்டாரிடம் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். உள்ளே கம்பியெல்லாம் கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. "மொத்தமும் போயிடுச்சு, பெபாவி. புதுசாதான் கட்டணும்."

"கட்டு."

"எதை வெச்சு? இந்த அளவுக் கம்பி மூணு வாரமா வரல. கடைக்காரனைக் கேட்டா, செம்பு கிடைக்கலங்கிறான். இன்னும் பத்து நாள் ஆகுமாம்."

அப்பா அவரைப் பார்த்தார். "செம்பு கிடைக்கலையா? ஷஹாத்தா, நீ சாஞ்சு உக்காந்திருக்கியே, அது என்னன்னு திரும்பிப் பாரு."

ஷஹாத்தா திரும்பிப் பார்த்தார். செம்பு மூட்டை.

"இதை உருக்கணும், கம்பியா இழுக்கணும், மேல பூச்சு பூசணும். பூச்சு இல்லாத கம்பியைச் சுத்தினா திரும்பவும் எரிஞ்சுதான் போகும். இந்த மூட்டை கம்பியா மாறி என் கைக்கு வர்றதுக்குள்ள ஆறாவது மாடியில இப்பதான் பொறந்த பாப்பா ஓடி விளையாட ஆரம்பிச்சிடும்."

"டிவி வளையத்துக் கம்பி ஆகுமா?"

"அருமையா ஆகும். இருக்கா?"

"திங்கட்கிழமைதான் வளையம் எல்லாத்தையும் உருக்குறவர்கிட்ட அனுப்பினேன்." அப்பா தலையைச் சொறிந்தார். "அடுத்த லோடு வர நாளாகும். வந்தாலும் என் கண்ணு இருக்கிற நிலைமைக்கு எத்தனை மிஞ்சுமோ."

கதவுக்குப் பின்னால் நின்று யுஸ்தினா எல்லாவற்றையும் கேட்டாள். ஆரம்பித்துவிட்டது. நாற்பது வருஷம் என்றார்கள். மூன்றே வாரத்தில் அவர்கள் வீட்டு மாடிப்படிக்கே வந்துவிட்டது.

"யுஸ்தினா, அங்க என்ன கதவுக்குக் காவலா?" என்று அம்மா கூப்பிட்டாள். "தெருக்குழாய்ல பிடிச்சு வெச்சிருக்கேன். இந்த ரெண்டு கேனை ஆறாவது மாடி உம்மு மீலாத் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு. பச்சை உடம்புக்காரி, படியிறங்க முடியாது."

ஆறு மாடி. மூன்றாவது மாடியில் கைகள் நீண்டுவிட்டதுபோல இருந்தது. பின்னால் கராஸ் ஒரு தேநீர்க் கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். நான்காவது மாடியில் பாதி சிந்திவிட்டது. ஐந்தாவது மாடியில் தாகமெடுத்து மீதியை அவனே குடித்துவிட்டான்.

உம்மு மீலாத் என்றால் மீலாதின் அம்மா. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மீலாதுக்குத் தங்கை பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வாளியில் அழுக்குத் துணிகள் குவிந்திருந்தன.

"வாடி என் கண்ணு. ரெண்டு கேனையும் நீயா தூக்கிட்டு வந்த? ஷஹாத்தா என்ன சொல்றார்?"

"பத்து நாள் ஆகுமாம்."

"பத்து நாளா?" அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "கெய்ரோவுல மழைக்குக் காத்திருக்கலாம் போல. வெள்ளிக்கிழமை இவளுக்கு ஏழாம் நாள். என் மாமியார் ஊர்லருந்து முப்பது பேர் வர்றாங்க. முப்பது பேருக்குச் சமைக்கணும், கை கழுவத் தண்ணி குடுக்கணும். தள்ளிப் போடலாம்னா, பதினேழாம் நாள்ல போய் ஏழாம் நாள் கொண்டாடினா புள்ளைக்குக் கணக்கே வராம போயிடும்."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டதை யுஸ்தினா பார்த்தாள்.

"இவளைக் கொஞ்சம் பிடி. இந்தத் துணியையாவது அலசிடுறேன்."

குழந்தை யுஸ்தினாவின் மடிக்கு வந்தது. ஒரு ரொட்டியின் எடைகூட இல்லை. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

யுஸ்தினா வழக்கம்போலக் கணக்குப் போட்டாள். நாற்பது வருஷம் கழித்து இவளுக்கு நாற்பது வயது. எல்லாம் இவளுக்காகவும்தானே சேர்த்து வைக்கிறோம்?

வாளியில் இருந்த தண்ணீர் அதற்குள் கறுத்துவிட்டது. அம்மாக்காரி ஒரே ஒரு துணியைத்தான் அலச முடிந்தது. மற்றவை அப்படியே கிடந்தன.

நாற்பது வருஷம் கழித்து இவளுக்கு என்ன தேவைப்படும் என்று யுஸ்தினாவுக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. இப்போது என்ன தேவை என்று தெரியும். அது ஐந்து மாடி கீழே, ஒரு கட்டிலுக்கடியில் கிடந்தது.

அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "உம்மு மீலாத், நான் இதோ வந்துடுறேன்."

கீழே வந்து கட்டிலுக்கடியில் நுழைந்தாள். கராஸ் வாசலில் நின்று பார்த்தான்.

"எல்லாத்தையும் எடுக்கிறியா?"

"ஆமா."

"அப்ப எதிர்காலம்?"

"வெள்ளிக்கிழமைதான் முதல்ல வருது. அந்தப் பக்கத்தைப் பிடி."

கராஸ் பிடித்தான். பிறகு நின்றான். "நான் சாப்பிட்ட அல்வாவைத் திருப்பிக் கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

ஷஹாத்தா தேநீரை முடித்துவிட்டுக் கிளம்ப எழுந்திருந்தார். பட்டறை நடுவில் ஏழு கறுப்பு வளையங்கள் பொத்தென்று விழுந்தன. அப்பா வளையங்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் யுஸ்தினா. "விக்கிறதுக்கு இல்ல. செம்பு தீர்ந்துபோகும்போது கொஞ்சமாவது இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

அப்பா கோடுகளின் மேல் விரலை ஓட்டினார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா மெதுவாக. பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மெர்வத், என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என் செருப்பை ஏன் போட்டுட்டுப் போனீங்க?" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

ஷஹாத்தா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. யுஸ்தினாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "செவுத்துல கோடு போட்டேன்டி. உங்க பேரெல்லாம் மறந்துருவேனோன்னு பயந்தே போயிட்டேன். என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்ப்பா. நீங்க சிரிச்சீங்க."

அப்பா யோசித்தார். "ஆமா" என்றார். "சிரிச்சேன்." கையை நீட்டி அவள் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். "தப்புதான். இனிமே நீயும் சொல்லாம எடுக்காத, நானும் முழுசா கேட்காம சிரிக்க மாட்டேன். சரியா?"

"சரிப்பா."

ஷஹாத்தா அதற்குள் டேப்பைக் கிழித்துக் கம்பியைச் சுரண்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஓரமெல்லாம் பல அளவில் வெட்டியிருந்த ஒரு வட்டத் தகட்டில் கம்பியை ஒவ்வொரு வெட்டாக நுழைத்து அளந்தார்.

"இது ஆகும். இதுவும் ஆகும்." ஐந்தாவது வளையத்துக்குப் பிறகு அவர் முகம் மாறியது. ஆறாவதைச் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஏழாவதும் அப்படித்தான்.

"இது ரெண்டும் அலுமினியம். மேல்பூச்சுதான் செவப்பு."

"உன் சுரங்கத்துல ரெண்டு போலி" என்றார் அப்பா.

"அஞ்சு வளையம் பத்தாதா ஷஹாத்தா மாமா?" என்று கேட்டாள் யுஸ்தினா.

"இன்னும் ஒண்ணு இருந்தா முடிச்சிடுவேன். ஒண்ணே ஒண்ணு."

மூவரும் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். மூலையில் இருந்த மூட்டைகளை அப்பா ஒரு முறை குடைந்தார். ஒன்றும் இல்லை.

யுஸ்தினா வாசலுக்குப் போய் நின்றாள். தெருவில் வண்டிகள் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்காமல் அவள் வீடுகளைப் பார்த்தாள். ஓடாத டிவி குப்பையில் மட்டுமா இருக்கும்? இன்னும் தூக்கிப்போடாத டிவிகள் எங்கே இருக்கும்?

"நஸீம் மாமா கடை" என்றாள் திடீரென்று. "பாலாடைக்கட்டி டின் எது மேல இருக்கு?"

அப்பா விரலைச் சொடுக்கினார். "டிவி மேல."

மோட்டாரையும் வெள்ளிக்கிழமை விருந்தையும் பற்றிச் சொன்ன பிறகும் மளிகைக்கடை நஸீம் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவருக்குப் பின்னால் பெரிய பழைய டிவி ஒன்று சுவரோரமாக இருந்தது. அதன் மேல் இரண்டு டின் வெள்ளைப் பாலாடைக்கட்டி, அதற்கு மேல் ஒரு பூனை.

"ஓடலைன்னா என்ன? அது டின்னைத் தாங்குதுல்ல?" என்றார் நஸீம்.

"டிவி இங்கயேதான் இருக்கும் மாமா. உள்ள இருக்கிற வளையத்தை மட்டும் அப்பா எடுத்துக்குவார். டின்னுக்கு வித்தியாசமே தெரியாது" என்றாள் யுஸ்தினா.

"டின்னுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. என்னைக்காவது ரிப்பேர் பண்ணலாம்னு வெச்சிருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

நஸீம் பூனையைப் பார்த்தார், பதில் அதனிடம் இருப்பதுபோல. "பதினோரு வருஷமா" என்றார் கடைசியில்.

யுஸ்தினா கொஞ்சம் தயங்கினாள். "நானும் அப்படித்தான் மாமா வெச்சிருந்தேன். கட்டிலுக்கடியில, ஏழு வளையம். யாருக்கும் இல்லாம அங்க கிடக்கிறதும் தீர்ந்துபோறதும் ஒண்ணுதான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எடுத்துக் குடுக்கும்போது கஷ்டமா இருந்துச்சு. குடுத்தப்புறம் ஒண்ணும் இல்ல."

நஸீம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பூனையை இறக்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை முப்பது பேரா வர்றாங்க?" என்று கேட்டார், டின்னைத் தூக்கிக்கொண்டே. "பாலாடைக்கட்டி யார்கிட்ட வாங்கப் போறாங்களாம்?"

"உங்ககிட்டதான் வாங்கச் சொல்றேன் மாமா."

"அப்ப பூனையையும் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

அப்பா டிவியின் முதுகைக் கழற்றி வளையத்தை எடுத்து, மறுபடி மூடிக் கொடுத்தார். சுரண்டிப் பார்த்தார். உள்ளேயும் சிவப்பு.

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் வேலை தொடங்கியது. வளையங்களில் இருந்த கம்பியை முறுக்கு விழாமல் பிரிக்க வேண்டும். ஒரு இடத்தில் மடிந்தாலும் பூச்சு உடைந்துவிடும் என்றார் ஷஹாத்தா. யுஸ்தினா இரண்டு கையிலும் வளையத்தை மாட்டிக்கொண்டு நின்றாள். செய்தி கேட்டு வந்த பெஷீர் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடி வரை நடந்தான். கராஸும் மீலாதும் நடுவில் நின்று, கழுதை வண்டி வரும்போதெல்லாம் கம்பியை உயர்த்திப் பிடித்தார்கள். கழுதைகள் குனியாமலே போயின. வண்டிக்காரர்கள் குனிந்தார்கள்.

மாலை வெயிலில் கம்பி நீளமாக, மெல்லிசாக மின்னியது.

"டிவிக்கு முன்னாடி இது என்னவா இருந்திருக்கும்?" என்று கேட்டாள் யுஸ்தினா.

"யாருக்குத் தெரியும்?" என்றார் ஷஹாத்தா, மோட்டாரைப் பார்த்தபடியே. "செம்பு சாகிறதில்ல. உருக்கினா திரும்ப வந்துடும். யாரோ வீட்டுக் குண்டானா இருந்திருக்கலாம்."

"ராஜா வீட்டுக் குண்டானா?" என்றான் மீலாத்.

"ராஜாவோட குண்டான்ல என்ன சமைச்சிருப்பாங்க?" என்றான் கராஸ்.

"அவரை" என்று தெருக்கோடியிலிருந்து பெஷீர் கத்தினான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா கருகிய பழைய கம்பியைக் கூட்டி அள்ளிச் செம்பு மூட்டையில் போட்டார். யுஸ்தினா தரையில் சிதறிய துண்டுகளைத் தேடித் தேடிப் பொறுக்கினாள். விரல் நகத்தளவு துண்டைக்கூட விடவில்லை.

வேலை முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தன் பரணில் கிடந்த டிவியைத் தூக்கிவந்திருந்தார். இன்னொருவர் ஓடாத மின்விசிறியை. "யாரோ பழசு கேக்குறாங்களாமே" என்றார் அவர். ஷஹாத்தா இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த தெருவிலும் ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியும்.

கம்பியைச் சுற்றிக் கட்டி, மேலே வார்னிஷ் பூசி, இரண்டு குண்டு பல்புகளுக்குக் கீழே மோட்டாரைக் காயவைத்துவிட்டு அவர் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டனைத் தட்டினார்கள். மோட்டார் ஒரு கணம் யோசித்தது. ஷஹாத்தா குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னார். அது ஓட ஆரம்பித்தது. குழாய்களுக்குள் காற்று இருமியது, தும்மியது. பிறகு மேலே, மேலே, இன்னும் மேலே தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. யுஸ்தினா ஒவ்வொரு மாடியாக எண்ணினாள். ஆறாவது மாடியிலிருந்து மகிழ்ச்சிக் குலவைச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மாலையில் முப்பது பேர் வரவில்லை. நாற்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் கை கழுவினார்கள். நஸீம் பாலாடைக்கட்டியோடு தானும் வந்தார்.

குழந்தையைப் புதுத்துணி விரித்த பெரிய சல்லடையில் படுக்கவைத்தார்கள். அதன் அம்மா ஏழு தடவை அதைத் தாண்டினாள். குழந்தைகள் மெழுகுவத்தியோடு சுற்றி வந்தார்கள். மீலாதின் அத்தை ஒரு பித்தளை உரலை எடுத்துக் குழந்தையின் தலைமாட்டில் வைத்து, உலக்கையால் ணங் ணங் என்று இடித்தாள்.

"அம்மா சொல்றதைக் கேளு" என்று குழந்தையிடம் சத்தமாகச் சொன்னாள். ணங். "அப்பா சொல்றதைக் கேக்காத." ணங். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையின் அப்பாவும் சிரித்தார்.

மீலாதின் அம்மா கூட்டத்தில் யுஸ்தினாவைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவ கையால ஒரு தடவை இடிக்கட்டும். இவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

யுஸ்தினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உலக்கை கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. என்ன சொல்வது என்று யோசித்தாள். பிறகு குனிந்து, குழந்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"உன்கிட்ட எது உடைஞ்சாலும் தூக்கிப் போட்டுடாத. கீழ் வீட்டுக்குக் கொண்டு வா. நாங்க பாத்துக்கிறோம்."

பிறகு தன் பலம் முழுவதையும் சேர்த்து ணங் என்று இடித்தாள். சன்னல் கம்பிகள்கூட அதிர்ந்தன.

குழந்தை வாயை அகலமாகத் திறந்து கொட்டாவி விட்டது. அப்புறம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிப்போனது.